டப்பாவில் மிச்சமிருக்கும் சுக்குமல்லித் தூள்

சேசு மரி சூசை துணை

மேற்கணக்கு, றொசல்ல
22.10.1981

அன்பு மகன் கஸ்பருக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி பெற்றீசியாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் சுகம்தான். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், நெஞ்சில் பாரம் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் செபம் சொல்கிறேன். நெஞ்சில் பாரம் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது, இன்றைக்கு இருபத்திரண்டு. பதில் போட இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறவள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போது பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாமார் எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார்கள், பதினாறு பிள்ளைகளில் பதினைந்தும் சோறு தின்று தூங்குகின்றன, ஒன்று மட்டும் தொட்டிலுக்குள் கிடந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறது. எழும்பினால் நிறுத்திவிட்டுப் பிறகு எழுதுவேன், அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பார்த்துக்கொள். அலுப்பாக இருக்கிறது மகனே. வேலை அலுப்பு எனக்குப் பழக்கம், இது வேறு.

உன் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். செப்டம்பரில் அங்கே பெல்ஜியத்தில் நடந்த நாலு நாள் சைக்கிள் ஓட்டத்தில் மூன்றாம் நாள் நீ இரண்டாவதாக வந்தாய், வந்த கையோடு உன்னை ஒரு வேனுக்குள் கூட்டிப்போய் சிறுநீர் வாங்கி இரண்டு போத்தலில் ஊற்றி அரக்கு வைத்தார்கள், முதல் போத்தலில் தடைசெய்த மருந்து இருந்தது, நீ சண்டை போட்டு இரண்டாவது போத்தலையும் உன்னை ஓடவைக்கிற கம்பெனி ஆளை வைத்துக்கொண்டு உடைக்கச் சொன்னாய், அதிலும் அதே மருந்து இருந்தது என்று எழுதியிருந்தாய். பரிசோதனை சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த இரண்டாமிடத்தை அழித்துவிட்டு ஒரு மாதம் ஓடவிடாமல் வைத்திருப்பார்களாம், பேப்பரில் பேரும் வருமாம். நீ போட மாட்டேன் என்றுவிட்டாய். நான் ஒரு மாத்திரையும் தொடவில்லை, என் தண்ணீர்ப் போத்தலில்தான் யாரோ கலந்திருக்கிறார்கள், போத்தல் நிரப்புகிறவர் எங்களுக்குக் கால் பிடித்துவிடுகிற கிழவர் ஹென்றி ஒருவர்தான் என்று சொல்லியிருக்கிறாய். நவம்பர் பதினெட்டாம் தேதி விசாரணை, அதுவரைக்கும் கிழவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தெரிந்து தின்றாலும் தெரியாமல் தின்றாலும் உடம்பில் இருந்தால் ஓட்டக்காரன்தான் பொறுப்பு என்பது அவர்கள் சட்டமாம். இது என்ன நியாயம் அம்மா, செய்யாத தப்புக்கு நான் ஏன் தலை குனியணும் என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், நடுவில் தூக்கி எறியாமல் கடைசிவரை படி.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மண்திட்டு சரிந்து வாசலில் அரைவாசி போய்விட்டது, தோட்ட ஆபீசில் சொன்னால் எழுதிவைத்திருக்கிறோம் என்கிறார்கள், எழுதிவைத்த புத்தகம் தனியாக ஒரு காம்பரா நிறைய இருக்கும். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. ஸ்டோரில் முப்பது வருஷம் தேயிலைத் தூசி குடித்த நெஞ்சு, இனிமேல் எங்கே குறையப்போகிறது. ஆனால் உன் பேச்சை எடுத்தால் இருமல் எல்லாம் ஓடிவிடும். உன் அப்பாவுக்குப் பெல்ஜியம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது, பெல்ஜியக்காரன் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அத்துப்படி. தோட்டத்துப் பிள்ளை முன்னுக்கு வாறது வெள்ளைக்காரனுக்குப் பொறுக்குமா, அதான் போத்தலை மாத்திட்டான் என்று கடைவாசலில், கோவில் வாசலில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பெற்றீசியாவுக்கு ஆசிரியர் வேலை நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் கண்டிக்குப் போகவேண்டும். அவள்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒக்டோபர் மாதம் என்பதால் வீடு வீடாகச் செபமாலை நடக்கிறது, இந்த வருஷம் ஐந்து வீட்டில் உன் பேருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். வட்டவளை பேக்கரியில் இருந்து சைக்கிளில் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த ஏற்றத்தில் ஒருநாளும் இறங்கித் தள்ளாமல் மிதித்து வந்த பிள்ளை, அவனா மருந்து குடிப்பான் என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. எனக்கு ஒவ்வொரு வீட்டிலும் முழங்காலில் நிற்பதே பாரமாக இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நம் தோட்டத்துச் சங்கத் தலைவர் சோலைமலை தம்பி ஒரு மகஜர் எழுதினார். எங்கள் தோட்டத்துப் பிள்ளை கஸ்பர் சிறு வயதிலிருந்தே மருந்து மாத்திரையைக் கண்டால் ஓடுகிறவன், ஒழுக்கமானவன், இந்தப் பரிசோதனையை நாங்கள் நம்பவில்லை, சந்தேகத்துக்குரிய ஆளை விசாரித்துத் தண்டிக்கவேண்டும் என்று மூன்று பக்கம். தோட்டத்தின் மேற்கணக்கு கீழ்க்கணக்கு இரண்டு பிரிவிலுமாக நூற்றுத் தொண்ணூறு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். மழையோடு மழையாக லயம் லயமாகப் போய் வாங்கினார், பாவம். மகஜர் எழுதினால் நியாயம் கிடைக்கும் என்று நம்பி இத்தனை வருஷமாக இந்தச் சனம் எத்தனைக்கோ கைநாட்டு வைத்திருக்கிறது, ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை, இருந்தும் உனக்காகத் திரும்பவும் விரலை மையில் தொட்டது. கடைசி இடத்தில் என் பேருக்கு ஒரு வரி விட்டுவைத்திருந்தார். அதற்கு முன்னால், அக்கா, அந்த மருந்துப் பேரை மட்டும் நம்ம டொக்டர் ஐயாகிட்ட காட்டி என்ன மாதிரி மருந்துன்னு கேட்டுட்டு வாங்க, மகஜர்ல சரியா எழுதணும் என்றார். நானும் உன் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். அது பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை.

டொக்டர் ஐயா பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டி, நீ இங்கிலீசில் எழுதியிருந்த அந்தப் பேரைக் காட்டி, இது என்ன விஷம் ஐயா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கூடத் தூக்கவில்லை. விஷமா, நல்ல கதை, நீதானே மூணு மாசமா இழுக்குது இழுக்குதுன்னு வாங்கிட்டுப் போன, அந்த மாத்திரைதான் இது என்றார். நான் இல்லை ஐயா, இது வேறயா இருக்கும் என்றேன். அவர் எழும்பி, மேல்தட்டில் இருந்த மண்ணிறப் போத்தலை எடுத்து மேசையில் வைத்து, நீயே பார் என்றார். எனக்கு இங்கிலீஸ் வாசிக்க வராது, மாச் சாக்கிலும் பால்மா டின்னிலும் பார்த்த எழுத்துக்கள்தான் தெரியும். உன் கடிதத்தைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். முதல் எழுத்து ஒன்றுதான். இரண்டாவதும் ஒன்றுதான். கடைசி எழுத்துவரை ஒன்றுதான். இன்னொரு தரம் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன ஆயாம்மா, கண்ணு தெரியலையா என்று சிரித்தார்கள்.

இப்போது கேள் மகனே. போன மாரியில் நீ எழுதியிருந்தாய், இந்த ஊர்க் குளிர் நெஞ்சைக் கிழிக்குது அம்மா, சின்ன வயசு இழுப்பு திரும்பி வந்துட்டுது, எங்க கம்பெனி டொக்டர் ஒரு மாத்திரையும் எடுக்கக்கூடாது, பரிசோதனையில் பிடிபடும்னு சொல்றார், உங்க சுக்குமல்லித் தூள் ஒண்ணுதான் எனக்கு மருந்து என்று. அதைப் படித்த நாளில் இருந்து எனக்குத் தூக்கமில்லை. நாலு வயதில் நீ இழுத்துக்கொண்டு கிடந்ததும், உன்னைத் தோளில் போட்டு விடியும்வரை நடந்ததும் எனக்குத்தான் தெரியும். வாயில் மாத்திரையை வைத்தால் துப்பிவிடுவாய். இந்தக் காம்பராவில் இருபத்திரண்டு வருஷமாக நான் செய்கிற வேலை என்ன, துப்புகிற பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்துச் சீனியிலோ கஞ்சியிலோ கலந்து ஊட்டுவதுதானே. பிள்ளைக்குத் தெரியாது, குடித்துவிடும், காய்ச்சல் விட்டுவிடும். உனக்கு இருபத்துநாலு வயது ஆகிவிட்டது என்பதும், நீ வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதும் என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு இழுக்கிறது என்று டொக்டர் ஐயாவிடம் பொய் சொன்னேன், அவர் முன்னால் நின்று இருமிக்கூடக் காட்டினேன், மூன்று மாதத்தில் நாற்பது மாத்திரை சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சுக்கு, மல்லி, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்த உரலிலேயே அந்த நாற்பதையும் போட்டு இடித்து, நைசாகச் சலித்து, பெரிய டப்பாவில் அடைத்து, பெல்ஜியத்துக்குப் போன கன்னியாஸ்திரி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கும் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை.

அந்தத் தூள் கிடைத்ததும் நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா, இந்த முறை தூள் நல்லாக் கேக்குது, ஏற்றத்தில நெஞ்சு திறந்துவிட்ட மாதிரி இருக்கு, ஓட்டம் இருக்கிற காலையிலும் ஒரு கோப்பை குடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது. வெள்ளைக்கார டொக்டரை விட எனக்கு என் பிள்ளையின் நெஞ்சு தெரியும் என்று மனதுக்குள் பெருமை வேறு. ஆக அவர்கள் உன் போத்தலை மாற்றவில்லை கஸ்பர். பரிசோதனை பொய் சொல்லவில்லை. அந்தக் கிழவர் உன் தண்ணீரில் ஒன்றும் கலக்கவில்லை. கலந்தது நான்.

முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, சரி, நடந்தது நடந்துபோச்சு, மிச்சத் தூளைக் கொட்டிறச் சொல்லி ஒரு வரி எழுது, காரணம் கீரணம் எழுதாதே, பிள்ளை மனசு ஒடைஞ்சுபோவும் என்றார். சோலைமலை தம்பியிடம் போய் மகஜரை அனுப்பவேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார், அவருக்கும் சொல்லவேண்டி வந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும். அவரும், ஏன்க்கா இப்பிடிப் பயப்படுறீங்க, நீங்க தூள்ல கலந்தது ஒங்களுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும், மாதா போய் பெல்ஜியத்துல சாட்சி சொல்லப்போறாங்களா, நாலு தாளை அனுப்பினா தம்பி தப்பிச்சுக்குவான், கெழவன் வெள்ளைக்காரன், அவனுக்கு அவன் ஊர்ல ஆயிரம் வேலை கெடைக்கும் என்றார். அந்த மாத்திரையை வாங்கினது நான்தான் என்று டொக்டர் ஐயாவிடம் ஒரு துண்டு எழுதித் தரக் கேட்டேன். என் பேரை எங்கயும் இழுக்காதேம்மா, பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் பொய் சொல்லி வாங்கினேன், அவரை என்ன சொல்வது. இப்படி எல்லாரும் எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் இரண்டு நாள் அதே மாதிரிதான் நினைத்தேன். இரண்டாவது தடவை கிழித்துப் போட்ட கடிதத்தில், தூள் பழசாகியிருக்கும் மகனே கொட்டிவிடு என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அதைக் கிழித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. உனக்கு நாகலெட்சுமி அக்காவை ஞாபகம் இருக்கும், இந்தக் காம்பராவில் எனக்குக் கூட இருந்து பால் கலக்கி, துணி அலசி, பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடியவள். எழுபத்துநாலில், கோதுமை மா கிடைக்காமல் தோட்டமே பட்டினி கிடந்த வருஷம், வேலாயியின் ஒன்றரை வயதுப் பிள்ளை இங்கே தொட்டிலில் கிடந்தபடியே வாந்தி எடுத்து, கண் சொருகி, உடம்பு விறைத்துப்போனது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துவிட்டது. மறுநாள் ஆபீசில் விசாரணை. காம்பராவுக்குள் வந்த பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறதோ அதற்கு ஆயாதான் பொறுப்பு, அதுதான் சட்டம் என்றார் பெரிய கிளாக்கர். நான் ஒன்றும் கொடுக்கவில்லை, எனக்கு ஏன் தண்டனை என்று நானும் உன்னை மாதிரிதான் குதித்தேன். ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் வேலை நிறுத்தம், அவ்வளவுதான். அதற்குப் பயந்து, பால் கலக்குறது நாகலெட்சுமிதானுங்க, அவளைக் கேளுங்க என்று வாய் விட்டுவிட்டேன். அவள் அங்கேயே நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவளைக் காம்பரா வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் பத்திரம் வந்தது, தலைமன்னார்க் கப்பலில் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் வேலாயி ஒருநாள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை பசியில கத்துச்சு ஆயாம்மா, காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போற அவசரத்துல கசப்பு மரவள்ளியைச் சரியா அவிக்காம ஊட்டிட்டேன், பயத்துல சொல்லலை என்றாள். நான் நாகலெட்சுமிக்கு ஒரு கடுதாசி போட்டு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எந்த ஊருக்குப் போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக விலாசம் தேடுகிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் எனக்கு விளங்கியது. கிளாக்கர் நல்லவர் என்பதால் இல்லை, அவர் நம்மை மாட்டைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார். ஆனால் யார் கொடுத்தது என்று தேடப்போனால் எல்லாரும் இன்னொருத்தரைக் கைகாட்டுவோம், கடைசியில் வாய் திறக்காதவள் தலையில்தான் விழும். அதனால் ஒருத்தர் பொறுப்பு என்று இருக்கவேண்டியிருக்கிறது. அன்றைக்கு இருந்து இன்றுவரை காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் மோந்து பார்த்து, என்ன தின்றாய் என்று தாயிடம் கேட்டுத்தான் உள்ளே எடுக்கிறேன். திட்டுகிறார்கள், திட்டிவிட்டுப் போகட்டும். நீயும் இனிமேல் அப்படி இரு. யார் எதைக் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், முதலில் என்ன இருக்கிறது என்று கேள். அம்மாவிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீ கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவேளை சொல்லியிருப்பேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். விசாரணை நாள்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே போய்ப் பரிசோதனை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு. என் அம்மா எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டாள் என்று சொல், அது உண்மை. நம்பினால் நம்பட்டும். ஒவ்வொரு ஓட்டக்காரனும் இப்படித்தான் அம்மா மேல் பழியைப் போடுகிறான் என்று சிரித்தாலும் சிரிக்கட்டும், கையெழுத்தை மட்டும் திரும்ப வாங்காதே. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம் சும்மா இரு. கம்பெனி உன்னை வேண்டாம் என்று சொன்னாலும், உன்னை அங்கே கூட்டிப்போன பெல்ஜியச் சாமியாரின் தம்பி சைக்கிள் கடை வைத்திருக்கிறார், அங்கே சக்கரம் பூட்டத் தெரியும்தானே, அதைச் செய். அதற்கு முன்னால் அந்த ஹென்றி கிழவர் வீட்டுக்குப் போ. கடிதம் எழுதி அனுப்பாதே, நேரில் போ. அவருக்குப் பெண்சாதி இருக்கிறாளா பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட நீ எனக்கு எழுதியதில்லை. இத்தனை நாளும் உன் காலைப் பிடித்துவிட்டவர், ஒருநாள் நீ அவர் காலைத் தொட்டால் குறைந்துபோக மாட்டாய். அவர் கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போ. உனக்கு அவர் விலாசம் தெரியும், அதுவே பெரிய பாக்கியம்.

என்மேல் கோபமாக இருப்பாய், இருந்துகொள். எத்தனை நாள் என்றாலும் பேசாமல் இரு, ஆனால் இழுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் பெற்றீசியாவுக்காவது எழுது. அங்கே ஒரு நல்ல டொக்டரைப் பார், சைக்கிள் ஓட்டக்காரன் என்று முதலிலேயே சொல், அனுமதி உள்ள மருந்து ஏதாவது இருக்கும். நெஞ்சில் கம்பளித் துணி கட்டிக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லாத ஒரு மாதம் கிடைத்திருக்கிறது, பூசைக்காவது போ. மகஜரைச் சோலைமலை தம்பி என்னிடமே கொடுத்துவிட்டார். அத்தனை பேருடைய விரலையும் பார்த்துக்கொண்டு அதைக் கிழிக்க மனம் வரவில்லை, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த செபமாலை நம் வீட்டில். அன்றைக்கு எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அப்பா அன்றைக்கு வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறார், பார்ப்போம்.

தொட்டிலில் கிடந்தது எழும்பிவிட்டது, மற்றதுகளும் ஒவ்வொன்றாகச் சிணுங்குகின்றன. ஒரே ஒரு விஷயம், மறந்துவிடாதே. டப்பாவில் மிச்சம் இருக்கும் தூளைக் கொட்டச் சொல்லித்தான் அப்பா எழுதச் சொன்னார். கொட்டாதே. மூடியைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய் உன்னைப் பரிசோதித்த அந்தச் சைக்கிள் சபைக்காரர்களிடம் கொடு. உன் சிறுநீரை வைத்துப் பார்த்த மாதிரி அதையும் வைத்துப் பார்க்கட்டும், அதற்கும் இரண்டு போத்தலில் அரக்கு வைக்கட்டும். வருகிற முடிவுக்கு இப்போதே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். யாராவது கேட்டால் காட்டுவதற்காகக் கீழே முழுப்பேரும் எழுதியிருக்கிறேன்.

ஆண்டவர் உன் மூச்சுக்குக் காவல் இருக்கட்டும். மாதா உன் தலையில் கை வைக்கட்டும், என் கைதான் இப்படிச் செய்துவிட்டது.

கலந்தது நான்தான் என்று ஒத்துக்கொள்ளும்,
பத்திநாதன் மனைவி ஜோசப்பின்,
பிள்ளைக் காம்பரா ஆயா, மேற்கணக்கு, றொசல்ல.

உன் அம்மா.